முதலில் தராசு



சித்தி எழுதுகிறேன். கம்யூனிட்டி கல்லூரியில் பேக்கிங் படிக்கலாமா என்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று இரவே உன் அம்மாவும் கூப்பிட்டாள். "திருநெல்வேலியிலிருந்து கலிபோர்னியா வரைக்கும் வந்தது இவன் பன் சுடவா?" என்று கேட்டாள். இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நீ படித்துவிட்டு அக்காவிடம், அதாவது உன் அம்மாவிடம், கொடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படி. அதையும் கம்யூனிட்டி கல்லூரியிலேயே படி. இப்போதைக்கு வேறெங்கும் வேண்டாம். ஏன் என்பதும், சேருமுன் நீ எதையெல்லாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் கீழே வருகின்றன. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு அதே வகுப்பில் போய் உட்கார்ந்தவள் நான், இன்றும் மாவில் கை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

நம்மவர் வீடுகளில் கம்யூனிட்டி கல்லூரி என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவன் போய் ஒதுங்கும் இடம் என்று நினைப்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில், உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஜே. ஸ்டான்லி பிரௌனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து தொடங்கியதுதான் முதல் அரசு இரண்டாண்டுக் கல்லூரி. ஊரை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகள் கல்லூரிப் படிப்பின் முதல் பாதியையாவது உள்ளூரிலேயே முடிக்கட்டும் என்பது ஏற்பாடு. பிறகு அதே கட்டடங்களுக்குள் கைத்தொழில்களும் வந்து சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் டிரேட் டெக்னிகல் கல்லூரி 1925இல் தொழிற்பள்ளியாகவே பிறந்தது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் சமையலும் ஓட்டல் நிர்வாகமும் 1930களிலிருந்து பாடங்கள். இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. ஓக்லாந்தின் லேனி, பிளசன்ட் ஹில்லின் டயாப்லோ வேலி என்று நம் பக்கத்திலேயே ரொட்டிக்கும் பேஸ்ட்ரிக்கும் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு.

பணக் கணக்குக்கு வருகிறேன், உன் அப்பா இதைத்தான் முதலில் கேட்பார். கலிபோர்னியாவில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட். மொத்தம் 2,760 டாலர். முதன்முறையாக, முழுநேரமாகச் சேரும் மாணவருக்குக் 'கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ்' திட்டத்தில் அதையும் பல கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. சான் பிரான்சிஸ்கோவாசிகளுக்கு அவர்களுடைய சிட்டி கல்லூரி 2017 முதல் கட்டணமே வாங்குவதில்லை. வெள்ளைக் கோட்டு, வழுக்காத செருப்பு, கத்திகள், புத்தகங்கள் என்று சில நூறு டாலர் தனியாக ஆகும். பாடப்புத்தகமாகப் பெரும்பாலும் வெய்ன் கிஸ்லனின் 'புரொபஷனல் பேக்கிங்' சொல்வார்கள். புதிய பதிப்பை வாங்காதே. பழைய பதிப்பிலும் மாவு அதே மாவுதான்.

தனியார் சமையல் பள்ளிகளில் இதே காலத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். அவற்றில் நல்ல பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் 'லெ கார்டன் ப்ளூ' என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுப் பெயரோடு அமெரிக்காவில் நடந்த கிளைகள் அத்தனையும் 2017க்குள் மூடப்பட்டதை மறக்காதே. படிப்பு முடித்தவரின் வருமானத்துக்கும் அவர் தலையிலிருக்கும் கடனுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்த காலம் அது. பேக்கரிச் சம்பளத்தில் பெரிய கல்விக் கடனை அடைக்க முடியாது என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் புரியும். கடன் வாங்கிப் படித்தவன், தொழில் பிடிக்காவிட்டாலும் அதிலேயே கிடந்து உழல வேண்டும். நீ ஒரு செமஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, "சித்தி, எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று எழுந்து வந்துவிடலாம். நான் கம்யூனிட்டி கல்லூரியைப் பிடித்துத் தொங்குவதற்கு இதுதான் பெரிய காரணம்.

சரி, என்னதான் சொல்லித் தருவார்கள்? நீ போனில் பார்த்துப் பார்த்து வாய் பிளக்கும் கண்ணாடிப் பளபளப்புக் கேக் முதல் செமஸ்டரில் வராது. முதல் நாள் தராசு வரும். கப், டம்ளர், 'ஒரு கை' எல்லாம் வாசலோடு நின்றுவிடும். மாவையும் எடைபோட வேண்டும், தண்ணீரையும் எடைபோட வேண்டும், முட்டையையும் உடைத்து எடைபோட வேண்டும். அதன் பின்னால் வருவது பேக்கர் விகிதம். இந்தத் தொழிலின் வாய்ப்பாடே இதுதான். மாவு எவ்வளவானாலும் அதை 100 என்று வைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாம் அந்த மாவுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதப்படும். ஒரு சாதாரண ரொட்டி: மாவு 100, தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1. கூட்டினால் 168. நாளைக்கு அரைக் கிலோ எடையில் அறுபது ரொட்டி வேண்டும் என்றால் பிசைந்த மாவு 30 கிலோ தேவை. 30ஐ 1.68ஆல் வகுத்தால் மாவு ஏறக்குறைய 17.86 கிலோ. தண்ணீர் 11.6 கிலோ, உப்பு 357 கிராம், ஈஸ்ட் 179 கிராம். இதைக் கால்குலேட்டர் இல்லாமல் ஓரளவு மனத்தில் போடக் கற்றுக்கொண்டால், எந்தச் செய்முறைக் குறிப்பைப் பார்த்தாலும் இது தளர்ந்த மாவா, கெட்டி மாவா, உப்பு தூக்கலா என்று சொல்லிவிடலாம். 'கணக்கு வராது, அதனால்தான் பேக்கிங்' என்று நீ நினைத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள். நாள் முழுவதும் கணக்குத்தான்.

அடுத்து வெப்பம். பிசைந்து முடித்த மாவு 76 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டும் என்று வை. 76ஐ மூன்றால் பெருக்கு, 228. அதிலிருந்து அறையின் வெப்பம் 72, மாவின் வெப்பம் 70, மிக்ஸர் சுழலும் உராய்வில் ஏறும் வெப்பம் 25 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 61. தண்ணீரை 61 டிகிரியில் ஊற்ற வேண்டும். ஜூலை மாதத்தில் இதே கணக்குப் பனிக்கட்டி போடச் சொல்லும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது ரொட்டி தயாராக இருக்குமா, எட்டரைக்குத்தான் வருமா என்பதை இந்தத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. வீட்டில் சுடுகிறவர், மாவு பொங்கும் வரை காத்திருக்கலாம். கடையில் மாவு உன் நேரத்துக்கு வர வேண்டும். கல்லூரி கற்றுத் தருவதில் ஆக மதிப்புள்ளது எதுவென்று என்னைக் கேட்டால் இதைச் சொல்வேன்.

குளுட்டன் பாடம் உனக்குப் பிடிக்கும். மாவைப் பிசைந்து ஓர் உருண்டையைக் கையில் தந்து, குழாயடியில் பிடித்துக் கழுவச் சொல்வார்கள். வெள்ளையாக மாவுச்சத்து எல்லாம் கரைந்து ஓடியபின் ரப்பர் மாதிரி ஒரு துண்டு மிஞ்சும். நம் ஆச்சி மைதா அல்வாவுக்குப் பால் எடுத்துவிட்டுத் தூரப் போடுவாளே, அதே துண்டு. அவள் பாலை வைத்துக்கொண்டு இதை எறிந்தாள், ரொட்டிக்காரன் முழுக்க முழுக்க இதை நம்பித்தான் பிழைக்கிறான். கோதுமையின் குளுட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர்பட்டுப் பின்னிக்கொள்வதுதான் குளுட்டன். ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது அந்த வலை. ரொட்டி மாவில் புரதம் ஏறக்குறைய 12, 13 சதவீதம், கேக் மாவில் 7 முதல் 9. ரொட்டிக்கு வலையை வளர்க்கிறோம், கேக்குக்கு அதைத் தலையெடுக்க விடாமல் பார்த்துக்கொள்கிறோம். கேக் மாவை அதிகம் கலக்காதே என்று எல்லோரும் சொல்வதன் காரணம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாண்டித்தான் குரோசான் வரும். மாவுக்குள் வெண்ணெய்ப் பலகையை மூடி, உருட்டி, மூன்றாக மடித்து, குளிரவைத்து, மறுபடி மடித்து, மூன்று முறை முடிந்தால் வெண்ணெய் 27 அடுக்காகியிருக்கும். வெண்ணெயும் மாவும் ஒரே அளவு வளைந்து கொடுக்க வேண்டும். வெண்ணெய் குளிர்ந்திருந்தால் உள்ளே துண்டு துண்டாக உடையும், இளகியிருந்தால் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போகும். நம்மூர் பேக்கரி பப்ஸும் இதே அடுக்கு வித்தைதான். அங்கே ஈஸ்ட் கிடையாது, வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் மார்ஜரின் அல்லது டால்டா. அது கொஞ்சம் வெயிலைத் தாங்கும், ஆனால் சாப்பிட்ட பின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். குரோசான் பாடம் ஒரே நாளில் முடியாது. முதல் நாள் பிசைந்து இரவெல்லாம் குளிரில் வைத்து, மறுநாள் மடித்து, வடிவம் கொடுத்து, பொங்கவிட்டுச் சுட வேண்டும். அவசரக்காரர்கள் இந்த வாரத்தில்தான் வகுப்பை விட்டுக் காணாமல் போவார்கள்.

சர்க்கரைப் பாடத்தில் நீ முன்வரிசையில் இருப்பாய் என்று நினைக்கிறேன். கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று விரலில் தொட்டுப் பார்த்த வீட்டுப் பிள்ளை. அங்கே அதற்கெல்லாம் எண் உண்டு. மென்மையான உருண்டைப் பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ், கண்ணாடி போல் நொறுங்கும் பதம் 150ஐ ஒட்டி. சாக்லேட்டோ இன்னும் கறார். கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றினால்தான் கோக்கோ வெண்ணெய் சரியான படிகமாக உறைந்து பளபளக்கும், ஒடித்தால் சத்தம் வரும். தவறினால் மேலே சாம்பல் பூத்து நிற்கும்.

புளிமாவு ரொட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சான் பிரான்சிஸ்கோவின் பக்கத்தில் படிக்கப்போகிறாய், அது 1849இல் தொடங்கிய பூடான் பேக்கரி இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பனிமூட்டம்தான் ரொட்டிக்குப் புளிப்புத் தருகிறது என்று யாராவது ஒருவர் உன்னிடம் கதை விடுவார். 1970, 71 ஆண்டுகளில் பெர்க்லியை ஒட்டிய ஆல்பனியில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் கிளைன், சுகிஹாரா என்ற இருவர் அந்தப் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது ஐரோப்பிய நாடுகளின் புளிமாவிலும் இருக்கிறது. புளிப்பை முடிவு செய்வது மாவின் வெப்பமும் நேரமும் எவ்வளவு தண்ணீர் என்பதும்தான். பனிமூட்டத்தை எடைபோட முடியாது, இவற்றைப் போடலாம்.

பயிற்சி வகுப்பின் நேரத்தை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள். கலிபோர்னியாவில் ஒரு யூனிட் பட்டறை வகுப்பு என்றால் வாரம் மூன்று மணி நேரம். காகிதத்தில் சில யூனிட் என்று போட்டிருப்பது நடைமுறையில் வாரத்தில் இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். காலை ஆறு, ஏழு மணிக்கே பல வகுப்புகள் தொடங்கும். சுட்டதை மாணவர்களே நடத்தும் கடையில் விற்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேர். நாற்பது மஃபினில் முப்பத்தெட்டு ஒரே உயரத்தில் இருக்க, இரண்டு மட்டும் கூன் விழுந்து நின்றால் அந்த இரண்டை எவரும் வாங்க மாட்டார்கள். மதிப்பெண்ணைவிட அது சீக்கிரம் புத்தி சொல்லும்.

பக்கத்து மேசையில் உன் வயதுக்காரர் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அம்மா இருப்பார். கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போன என்ஜினியர் இருப்பார், உன் அப்பாவுக்கு இதைச் சொல்லாதே. ஏற்கெனவே பத்து வருடம் ஏதோ ஓட்டலில் கை தேய்ந்தும் சான்றிதழ் இல்லாததால் மேலே போக முடியாத மெக்சிகோக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் மாவை உருட்டும்போது பக்கத்திலேயே நின்று பார். வாத்தியாரிடம் கற்பதில் பாதியை அவரிடம் கற்பாய். அதற்காகவே பொதுப் பாடங்களில் ஸ்பானிஷ் எடு. கலிபோர்னியாவின் பேக்கரிகளில் பின்கட்டு வேலை நடப்பது பெரும்பாலும் அந்த மொழியில்தான்.

இனி உன் அம்மாவின் பங்கு. நம் வீட்டில் முட்டை கிடையாது. பேஸ்ட்ரியில் முட்டை இல்லாமல் ஒரு வாரம்கூட நகராது. கஸ்டர்ட், ஸ்பாஞ்ச், மெரிங், எக்லேர் எல்லாமே முட்டைதான். மூஸ் உறைய ஜெலட்டின் போடுவார்கள், அது மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வருவது. சில பை மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கும். கேக்கில் ரம் தெளிப்பார்கள். சுடுவது மட்டும் போதாது, சுவை பார்த்துச் சொல்வதும் பாடம். எதைத் தொடுவது, எதைச் சுவைப்பது, எதை வாயில் வைத்துத் துப்பிவிடுவது என்று நீயே கோடு போட்டுக்கொண்டு, முதல் வாரமே வாத்தியாரிடம் பேசிவிடு. ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசியில் செய்து பார்க்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஆனால் அது வேறு மாதிரி உறையும், கெட்டியாக வெட்டுப்படும். முழுக்க முழுக்க முட்டையைத் தொடவே மாட்டேன் என்றால் ரொட்டிச் சான்றிதழோடு நிறுத்திக்கொள், பேஸ்ட்ரி வேண்டாம். அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன்: வாராவாரம் தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வந்து, ஆசாரத்தோடு கை கழுவிவிட்டுச் சாப்பிட்ட நம் அப்பாவிடம், அது முந்திரிப் பருப்பையும் சர்க்கரையையும் முட்டை வெள்ளைக்கருவில் அடித்துச் செய்வது என்று நாம் யாரும் கடைசிவரை சொல்லவில்லை.

கையில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றையும் கழற்ற வேண்டிவரும். வெறும் வளைய மோதிரம் தவிர கையில், மணிக்கட்டில் எந்த அணியும் கூடாது என்பது உணவுச் சுகாதார விதி. கயிற்றை மட்டும் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்.

உடம்பைப் பற்றி யாரும் உன்னிடம் பேசியிருக்க மாட்டார்கள். மாவு மூட்டை 50 பவுண்டு, அதாவது இருபத்திரண்டரைக் கிலோவுக்கு மேல். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். முன்கையில் தட்டின் விளிம்பு சுட்ட கோடுகள் வரிவரியாக விழும். மாவுத் தூசியால் ஆஸ்துமா வரும் என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700இலேயே எழுதி வைத்துவிட்டார். உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சேருமுன் டாக்டரிடம் போ. மாவை உயரத்திலிருந்து கொட்டாதே, துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாதே, ஈரத் துணியால் துடை.

அடுத்து வேலை நேரம். நீ ஏ.பி. வரலாறு படிக்கிறாய் அல்லவா, 'லாக்னர் எதிர் நியூயார்க்' வழக்கு வந்திருக்கும். பேக்கரித் தொழிலாளி நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் வாரம் அறுபது மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்யக் கூடாது என்று நியூயார்க் போட்ட சட்டத்தை 1905இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு. அன்று நிலவறைகளில் மாவு பிசைந்தவர்கள் பட்ட பாடு இன்று இல்லை. கலிபோர்னியாவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். தராத முதலாளிகளும் உண்டு. உன் வேலை நேரத்தை நீயே ஒரு நோட்டில் எழுதி வை.

சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவில் பேக்கர்களின் ஆண்டு வருமானத்தின் நடுமதிப்பு 2023இல் சுமார் 35,000 டாலர். பேக்கராக வேலைக்குச் சேரப் பட்டம் எதுவும் கட்டாயமில்லை என்றும் அரசுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. பிறகு எதற்குப் படிப்பு என்று உன் அப்பா கேட்பார், நியாயமான கேள்வி. மூட்டை தூக்கி, மிக்ஸர் கழுவி, ஒரே ரொட்டியை மூன்று வருடம் உருட்டிய பின்னரே கடைக்காரர் அடுத்த வேலையைக் காட்டுவார். கல்லூரியில் ஒரே வருடத்தில் ரொட்டி, கேக், சாக்லேட், அடுக்கு மாவு எல்லாவற்றிலும் கை வைத்து, எது உன் கைக்கு வருகிறது என்று பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஏறுவது, கணக்கு தெரிந்ததாலும் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்ததாலும்தான். ஆகவே பாடத்திட்டத்தில் எல்லோரும் தூங்கும் ஒரு வகுப்பு இருக்கும், உணவுச் செலவுக் கட்டுப்பாடு என்று. அதில் தூங்காதே. ஒரு குரோசானுக்கு வெண்ணெய்ச் செலவு எவ்வளவு, கீழே விழுந்த மாவு எவ்வளவு, விற்காமல் மிஞ்சியது எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் கடை பொறுப்பில் வைக்கும். ரோஜாப்பூக் கிரீம் பிழிய எல்லோருக்கும் வரும்.

எங்கெல்லாம் வேலை கிடைக்கும் என்றால், ஓட்டல்களும் கடைகளும் தவிர, உணவுக் கம்பெனிகளின் ஆய்வுச் சமையலறைகள் இருக்கின்றன, அங்கே சம்பளமும் நேரமும் மேல். ஓக்லாந்தில் 1997இல் தொடங்கிய அரிஸ்மெண்டி பேக்கரி போன்ற கூட்டுறவுகள் இருக்கின்றன, அங்கே வேலை செய்பவர்களே முதலாளிகள். அதற்கு வழிகாட்டி, பெர்க்லியில் 1967இல் பிறந்து 1971இல் தொழிலாளர் கூட்டுறவான சீஸ் போர்டு. சொந்தமாகத் தொடங்க நினைத்தால் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் கலிபோர்னியாவின் வீட்டு உணவுச் சட்டப்படி, கெட்டுப்போகாத ரொட்டி, பிஸ்கட் வகைகளை வீட்டு அடுப்பிலேயே சுட்டு, கவுண்டியில் பதிந்து விற்கலாம். கிரீம் வைத்த கேக்குக்கு அதில் இடமில்லை. எடுத்தவுடனே கடை போடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதே. இந்தச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் வாடகைக்கு ரொட்டி விற்றுக் கட்டுபடியாவது கடினம்.

பொதுப் பாடங்களையும் விடாதே. ஆங்கிலம், கணிதம், வேதியியல் என்று எடுக்கும் யூனிட்டுகள் நாளைக்கு நீ நான்காண்டுப் பல்கலைக்கழகம் போக நினைத்தால் கூடவே வரும். பேக்கிங் யூனிட்டுகளில் பெரும்பகுதி வராது. உணவு அறிவியல் பக்கம் திரும்ப ஆசை வந்தால் வேதியியல் கைகொடுக்கும். உங்களுக்குக் கிரீன் கார்டு வந்த பிறகு இந்தக் கேள்வி வந்ததும் நல்லதாயிற்று. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் உன் சிநேகிதன் யாராவது உன்னோடு சேர நினைத்தால், படிக்கலாம், ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு எந்தக் கடையிலும் நிற்க முடியாது என்று சொல்லிவிடு. வேலைப் பயிற்சி இல்லாத பேக்கிங் படிப்பு பாதிப் படிப்பு.

இப்போது நிபந்தனை. கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் போ. கலிபோர்னியாவில் 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது, நடப்பில் உள்ள குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்து எவரும் தரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முப்பது நாளுக்குள் உணவு கையாளுவோர் அட்டை வாங்க வேண்டும், அது மூன்று வருடம் செல்லும், கல்லூரியிலும் உதவும். கோடை முழுக்க மூன்று மணிக்கு எழுந்து போன பிறகும் செப்டம்பரில் ஆசை மிச்சமிருந்தால் உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

அதற்கு முன் இரண்டு கல்லூரிகளையாவது நேரில் போய்ப் பார். விளம்பரத் தாளில் உள்ள படத்தை நம்பாதே. பட்டறையில் எத்தனை பேருக்கு ஒரு மிக்ஸர் என்று கேள். வாத்தியார் கடைசியாகக் கடையில் வேலை செய்தது எப்போது என்று கேள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் கேள், மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் போ. மாணவர் கடையில் வெண்ணெய் குரோசான் ஒன்று வாங்கிக் குறுக்கே வெட்டிப் பார், தேன்கூடு மாதிரி கண் திறந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் படிவ வேலை. கல்வி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை அப்பாவின் வருமானம் அதிகம், கிடைக்காது என்று விட்டுவிடாதே. கட்டணத் தள்ளுபடிக்கும் அதைத்தான் கேட்பார்கள். கலிபோர்னியாவில் மாநில உதவிக்கான கெடு மார்ச் 2. கம்யூனிட்டி கல்லூரிக்குப் போகிறவர்களுக்குச் செப்டம்பர் 2 என்று இன்னொரு கெடுவும் உண்டு, அதை எண்ணிக்கொண்டு சோம்பியிருக்காமல் மார்ச்சிலேயே அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் சித்தி